இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.
அனுப்புநர்: ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்.
பொருள்: அரசு மருத்துவமனைகளில் இதய மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கக் கோருதல் தொடர்பாக.

ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

26 வருடம் பால் வெட்டியவன் நான். நாளொன்றுக்கு 300 மரம். போன வருடம் மாரடைப்பு வந்தது, அப்புறம் இதயச் செயலிழப்பு என்றார்கள். பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒரே அழுகை. இதயம் நின்றுபோவதல்ல, இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைவதுதான் என்று புரியவே எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

சிகிச்சை பார்த்த இடத்தில் மாத்திரை ஒழுங்காகத் தந்தார்கள். ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நான்கு மாதம் கட்டிலில் கிடந்தேன். தொடைச் சதை வற்றிவிட்டது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் தோட்டத்துக்குள் இறங்கினேன். ஏழாவது மரத்தில் மூச்சு வாங்கியது. மரத்தைப் பிடித்தபடி நின்றேன். இது நடந்தால் வரும் சாதாரண இளைப்பா, திரும்பிப் போ என்கிற இளைப்பா? தெரியவில்லை. அதைச் சொல்லித்தந்து, மேற்பார்வையோடு உடற்பயிற்சி செய்யவைப்பதுதான் இதய மறுவாழ்வுப் பயிற்சி. அதற்கு ஆள் கேட்டுத்தான் இந்த மனு.

நர்சிங் படிக்கும் என் மகள்தான் பிறகு விளக்கினாள். நடக்கும்போது பேச முடிந்தால் சரி, பேச்சு முட்டினால் நிறுத்த வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினால் உடம்பில் நீர் தேங்குகிறது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் எடை மெஷின் இல்லாததால் தினமும் ரப்பர் ஷீட் கடைத் தராசில் ஏறி நிற்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார், ஆனால் எழுதித் தருகிறார். உப்பைக் குறைக்கவும் சொன்னாள்; கருவாட்டை மட்டும் இன்னும் முழுசாக விடமுடியவில்லை.

2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து வெளிநாட்டில் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், மேற்பார்வையோடு செய்யும் உடற்பயிற்சி இவர்களுக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்ததாகவும் மகள் சொன்னாள்.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் நடைச் சோதனைக்கு 30 மீட்டர் வராந்தா, சில நாற்காலிகள், பழகிய பிசியோதெரபிஸ்ட், பக்கத்தில் ஒரு டாக்டர் போதும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், குழித்துறை, பத்மநாபபுரம் அரசு மருத்துவமனைகளிலும் வாரம் இரண்டு நாள், 12 வாரம் இந்தப் பயிற்சி தர ஆவன செய்ய வேண்டுகிறேன். பஸ் ஏற முடியாதவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்டுகளையே இதற்கும் பழக்கலாம்.

இன்னொன்று. எங்களைக் கூட்டிவருபவர்களும் பால் வெட்டுபவர்கள்தான். காலையில் அவர்களுக்கு ஒழியாது. வகுப்பை மதியம் இரண்டு மணிக்கு மேல் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்