கீமோ முடிந்த பிறகு யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்பகப் புற்றுநோய் பற்றிய தங்கள் கட்டுரை புதிய மருந்துகளையும் கருவிகளையும் விரிவாகச் சொன்னது. நோயாளி எந்த இடத்தில் விட்டுப்போகிறார் என்பதை மட்டும் தொடவில்லை. பெரும்பாலும் அது ஒரு துறைக்கும் அடுத்த துறைக்கும் நடுவில் உள்ள வராந்தாவில்தான் நடக்கிறது.

சோதனைக்காகக் கட்டியிலிருந்து சதை எடுக்கும் பயாப்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் சதை கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் ஊற வேண்டும். சலைனில் போட்டு அனுப்பினாலோ, வெகுநேரம் மேசையிலேயே கிடந்தாலோ ஹார்மோன் மாத்திரை பலன் தருமா என்று பார்க்கும் ஈஆர், பிஆர் சோதனை பொய்யாக ‘நெகட்டிவ்’ காட்டக்கூடும். ஹார்மோன் மாத்திரை கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காது. அந்தச் சோதனையை வெளி ஆய்வகத்தில் செய்வதென்றால் அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கை வீட்டார்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ‘கேன்சர்தான்’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டோடு டாக்டர் முன் உட்கார்ந்து, திரும்பிப் போகிறார்கள். “பிளாக்கைக் கொடுத்தாச்சாம்மா?” என்று ஐந்தாம் நாள் ஒரு செவிலியர் போன் செய்தால் தீரும் விஷயம் இது.

நோயாளியை ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும் இந்த வேலைக்கு ‘வழிகாட்டி’ என்று தனி ஆள் வேண்டும் என்று 1990-இல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் தொடங்கியவர் ஹரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர். அங்கே மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்து ஆண்டுகள் பிழைத்திருந்தோர் 39 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானார்கள். வழிகாட்டிகளால் மட்டும் வந்த பலன் அல்ல அது. ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் செய்த பரிசோதனைக்கும் பங்கு உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தன் வழிகாட்டிகளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘கேவட்’. படகோட்டி என்று பொருள். நம்மூர்க் கணக்கில் குகன்.

சிகிச்சை முடிந்த பிறகுதான் நிலைமை இன்னும் மோசம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கீமோ முடிந்தது’ என்று ஒரு வரி இருக்கும். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து உடல்பரப்பின் சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம் நான்கு முறை ஏறியிருந்தால் மொத்தம் 240. அந்த மொத்தக் கணக்குதான் முக்கியம். 450-ஐத் தாண்டினால் இதயம் பலவீனப்படும் ஆபத்து வேகமாகக் கூடுகிறது. பத்து வருடம் கழித்து மூச்சு வாங்குகிறது என்று வேறு ஊர் டாக்டரிடம் போகும்போது இந்த எண் கையில் இருக்க வேண்டாமா? எந்தப் பக்கம் ரேடியேஷன், எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), அக்குளில் நெறிக்கட்டி எடுத்தது எந்தக் கை என்பதெல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் அடங்கும்.

டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை தினம் 20 மி.கி., குறைந்தது ஐந்து வருடம். உடம்பு தகதகவென்று சுடுகிறது என்று மூன்றாம் மாதமே பலர் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த ஓ.பி.யில் நாம் கேட்டாலொழிய அது தெரியாது. மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெடின் சேர்த்தால் டமாக்ஸிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவது குறையும் என்பதையும் யாராவது கவனிக்க வேண்டும். மாதவிடாய் நின்றவருக்கு ரத்தம் பட்டால் மறுநாளே வரச் சொல்ல வேண்டும்.

அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவருக்கு வரும் கை வீக்கத்தைக் கண்டுபிடிக்கத் தையல்காரர் டேப் போதும். முழங்கைக்கு மேலும் கீழும் 10 செ.மீ. தள்ளி இரண்டு கைகளையும் அளந்து பார்த்து, 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் பிசியோதெரபிக்கு அனுப்பலாம். தொந்தரவே இல்லாதவருக்கு வருடா வருடம் பெட் ஸ்கேன் எடுக்கக் கடன் வாங்குகிறார்கள், அதற்கு அவசியமில்லை. முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் பரிசோதனை, வருடம் ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), இவை போதும்.

இதையெல்லாம் பழகிய செவிலியரைச் சுழற்சி முறையில் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. நிரந்தரப் பணியிடம், ஆள் மாறினாலும் மாறாத ஒரு போன் நம்பர், குறித்த நாளில் வராதவர்களுக்கென ஒரு பதிவேடு. புதிய கட்டடத்துக்கு முன் இந்த மூன்றையும் கேட்கிறோம்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்கள் சிலர்,
மதுரை