டர்பன் பேச்சு, செவித்திறன் தெரபிஸ்ட் குழு: சனிக்கிழமை கூடுகிறோம்

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு அம்மாவிடம் ஆடியோகிராமை (செவித்திறன் சோதனை வரைபடம்) விரித்து வைத்து, இரண்டு காதிலும் 80 டெசிபல், அதாவது கடுமையான கேட்புக் குறைபாடு என்று விளக்கிக்கொண்டே போனேன். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "என் பிள்ளை என்னை அம்மான்னு கூப்பிடுவானா?" எனக்கு வாயடைத்துப்போனது. கிராஃப் வாசிக்கப் படித்தோம், இதற்குப் படிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கவுன்சலிங் பயிற்சி.

நாள்: 14ஆம் தேதி சனிக்கிழமை, காலை 9.30 முதல் 12.30 வரை
இடம்: சாட்ஸ்வொர்த், வழக்கமான கோயில் மண்டபம்

1. இருவர் இருவராக நடித்துப் பார்ப்போம். செய்தியைச் சொன்னபின் அரை நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். சுலபமில்லை, வீட்டில் முயன்று பாருங்கள்.
2. "இது எப்படி வந்தது?" என்பது பல நேரம் "என் தப்பா?" என்ற கேள்விதான். மரபணு விளக்கத்தில் இறங்குமுன் அதைக் காதில் வாங்கப் பழகுவோம்.
3. தென்னாப்பிரிக்க சைகை மொழி 2023 ஜூலையிலிருந்து நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி. இன்னும் அதைக் கடைசி வழி மாதிரிச் சொல்கிறோம், பேசியாக வேண்டும்.
4. தூக்கமின்மை, உயிரை விடும் பேச்சு வந்தால் உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும். அது நம் எல்லையில் இல்லை.

ஆளுக்கொரு கேஸ் எழுதி வாருங்கள். பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் வேண்டாம்.

சிபிடி புள்ளி (தொழில்சார் தொடர்கல்விப் புள்ளி) கிடையாது, தயவுசெய்து கேட்காதீர்கள். மதியம் பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) உண்டு.

வருபவர்கள் புதன் இரவுக்குள் இங்கேயே "வருகிறேன்" என்று போடுங்கள். கட்டைவிரல் படம் போட்டால் கணக்கில் சேராது.