வண்டிப்பெரியாற்றுத் தோழிக்கு

கொழிஞ்சாம்பாறை
27-7-2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பேத்தியைப் பற்றி நீ கேட்டிருந்த கேள்விக்கு அவசரத்தில் எழுதிவிடக் கூடாது என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். அங்கே மழை விடாமல் கொட்டுவதாக எழுதியிருந்தாய். இங்கே பாலக்காட்டுப் பக்கமெல்லாம் நனைந்துகொண்டிருக்க, நம் சித்தூர்க் கிழக்குக்கு மட்டும் வழக்கம்போல ஆடிக்காற்றுதான் வந்திருக்கிறது. பனைமரங்களைப் பிடித்து உலுக்குகிறது. அண்ணனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. என் முழங்கால் வலியைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி, சிறு குழந்தைகளைப் பேணும் வேலைக்குத்தான் படிக்கப்போகிறேன் என்று சொன்னதும், "இத்தனை படிக்கவைத்தது ஆயா வேலைக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டதாகவும், அதற்கு என்ன சொல்வதென்று உனக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். சென்ற ஆண்டாக இருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. முப்பத்தொரு ஆண்டு தமிழ் நடத்திய நானும், மூன்று வயதுக் குழந்தைக்குச் சோறூட்டித் தூங்க வைக்கப் பயிற்சி எதற்கு என்று உள்ளூர நினைத்தவள்தான்.

இந்தச் சனிக்கிழமை வேலையைப் பற்றி முன்பே ஒருவரி எழுதியிருந்தேன், நினைவிருக்கும். இங்குள்ள ஒரு பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் பதினெட்டுப் பேரை, அவர்களில் நால்வர் பையன்கள், இந்தத் துறைக்குப் பழக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னை அழைத்தார். காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு; பிறகு நான்கைந்து பேராகப் பிரிந்து அருகிலுள்ள அங்கன்வாடிகளில் உட்காருவது. நான் போட்ட முதல் விதி, இவர்களில் எவரையும் ஒரு குழந்தையோடு தனியாக விடக் கூடாது என்பது. பதினாறு, பதினேழு வயதென்றால் சட்டத்தின் கண்ணில் இவர்களும் குழந்தைகளே. இரண்டாவது விதி, கைப்பேசியில் குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது. இரண்டாவது விதிக்குத்தான் முணுமுணுப்பு அதிகம்.

முதல் நாளே நான் சறுக்கினேன். அ, ஆ எழுதிய பெரிய அட்டைகளை இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்து, அவற்றைக் கொண்டு மாணவிகள் பாடம் நடத்துவார்கள் என்று பெருமையோடு அங்கன்வாடிக்குள் நுழைந்தேன். அங்கே முப்பது ஆண்டாக இருக்கும் டீச்சர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "டீச்சர், இதுகளுக்கு இன்னும் விரலே பழகலையே" என்றார். களிமண்ணை உருட்டுவதும், பழைய செய்தித்தாளைக் கிழிப்பதும், ஈரத்துணியைப் பிழிவதும்தான் எழுதப் பழகுவது என்று அந்தப் பெண்மணி எனக்குச் சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீரையும் நான்கு துணிகளையும் குழந்தைகளிடம் கொடுத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். கிரேயானைக் கைமுஷ்டியால் இறுக்கிப் பிடிக்கும் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்தால் அது எழுதாது, எழுத்தை வெறுக்கும். இந்தப் பக்கத்துத் தனியார் நர்சரி ஒன்றில் மூன்று வயதுக் குழந்தை நூறுவரை எழுதுகிறது என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் நின்றிருக்கிறேன் என்பதை உன்னிடம் ஒப்புக்கொள்வதற்கு என்ன.

பயிற்சியின் நடுத்தண்டு எது என்று இப்போது யாராவது கேட்டால், பார்ப்பது என்றுதான் சொல்வேன். பாட்டும் பொம்மையும் கதையும் பிறகு வரும். ஒரு மாணவி ஒரே ஒரு குழந்தையை இருபது நிமிடம் பார்க்க வேண்டும். கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். தன் கருத்தை எழுதக் கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. முதல் இரண்டு வாரம் வந்த நோட்டுகளில் "சமத்துக் குழந்தை", "பிடிவாதக்காரன்", "அம்மா செல்லம் போல" என்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, சமத்து என்பதை எந்தக் கண்ணால் பார்த்தாய் என்று கேட்டேன். பாதிப் பேருக்கு என்மேல் கோபம்.

மூன்றாவது வாரம் ஒரு பையனின் நோட்டில் இப்படி இருந்தது: "10.40க்கு எழுந்து நின்றான். கதவைப் பார்த்தான். டீச்சரிடம் போய் ஏதோ சொன்னான். டீச்சர் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார். திரும்பி வந்து கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். 10.50க்குக் கால்சட்டை நனைந்தது." அந்த அங்கன்வாடியின் பதிவேட்டில் அந்தக் குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். நடந்தது வேறு. அங்கிருந்த டீச்சர் மலையாளி, திருமணமாகி வேறு மாவட்டத்திலிருந்து இங்கே வந்தவர். நல்லவர்தான், ஆனால் நம் வீட்டுத் தமிழ் அவருக்கு இன்னும் பழகவில்லை. குழந்தை "ஒண்ணுக்கு" என்று சொல்லியிருக்கிறான். அவர் காதில் அது ஒன்று, இரண்டு என்று எண்ணுவதாக விழுந்து, கெட்டிக்காரன் என்று தலையை ஆட்டியிருக்கிறார். தமிழ் பேசும் எல்லைப்புறத்துக் குழந்தைகளுக்கு இது ஒருநாள் கதையல்ல. தண்ணீர் கேட்கும் குழந்தையிடம் மலையாளத்தில் "வெள்ளம் வேணோ" என்று கேட்டால் அது விழிக்கத்தான் செய்யும். அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுதால் அம்மாயி யார் என்று கோட்டயத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? மாணவர்களே சேர்ந்து, பசி, வயிற்றுவலி, பயம், தூக்கம், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, ஆத்தா, அப்பாரு என்று நாற்பது சொல்லை மலையாள எழுத்தில் எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டினார்கள். அதற்கு அந்த டீச்சர் வருத்தப்படவில்லை; இன்னும் பத்துச் சொல் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார்.

இதில் எனக்கு உறைத்தது, எழுதியவன் பையன் என்பது. பெண் பிள்ளைகள் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு வருகிறார்கள், அதில் தவறும் இல்லை; தம்பி தங்கையை இடுப்பில் சுமந்து வளர்ந்தவர்கள். என் வகுப்பில் ஒருத்தி இரண்டு தம்பிகளைத் தானே வளர்த்தவள். அவள் கை அவ்வளவு திருத்தம்: குளிப்பாட்டினால் குழந்தை அழாது, தலை வாரினால் சிக்கு வலிக்காது. ஆனால் அவளைத்தான் பழக்க முடியவில்லை. வீட்டில் பத்து வேலைக்கு நடுவே தம்பிக்கு ஊட்டியவள் ஆதலால், எந்தக் குழந்தைக்கும் தானே ஊட்டி ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிடுவாள். தானாகச் சாப்பிடட்டும், பாதி சிந்தட்டும், அரைமணி ஆகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க அவளுக்கு ஆறு வாரம் பிடித்தது. வீட்டில் கற்றதற்கும் தொழிலாகக் கற்பதற்கும் உள்ள இடைவெளி அந்த ஆறு வாரந்தான் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

பார்ப்பதைத் தவிரக் கற்க வேண்டியவையும் நிறைய. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதேனும் அடைத்து மூச்சு முட்டினால், தலை தாழக் கையில் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி மார்பில் ஐந்து அழுத்தல் என்பதை ஒரு செவிலியரை அழைத்துப் பொம்மையில் பழக்கினோம். விரலுக்குப் பயிற்சி என்று புளியங்கொட்டையைக் கொண்டுவந்த ஒருத்தியை அன்றே திருப்பி அனுப்பினேன். கொட்டையும் வறுத்த நிலக்கடலையும் சிறு குழந்தைகள் இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளந்து, அது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு என்று அறிந்து உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்ட மாணவிகள், குடும்பஸ்ரீ என்னும் கேரள மகளிர் குழுக்கள் தயாரித்து, குழந்தைகளுக்காக வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் சத்துமாவு சில வீடுகளில் பெரியவர்களின் பலகாரத்துக்குப் போவதையும் கண்டுபிடித்து வந்தார்கள். அதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒரு சனிக்கிழமை முழுதும் விவாதம். முடிவுக்கு வரவில்லை.

உன்னைப் பற்றியும் அவர்களிடம் சொன்னேன். உன் அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகும்போது உன்னையும் தங்கையையும் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுப் போவார் என்றும், கொழுந்து கிள்ள முடியாத வயதில் ஒரு பாட்டியை அங்கே உட்கார வைத்திருந்தார்கள் என்றும், அவர் கம்பால் தரையைத் தட்டினால் எல்லாரும் படுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நீ விடுதியில் சொல்லிச் சிரிப்பாய். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே பெண் தொழிலாளர் ஐம்பது பேருக்குக் குறையாத தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால் வேறு வேலைக்கு ஆகாதவர் இதற்குப் போதும் என்ற எண்ணத்தை எந்தச் சட்டம் மாற்றும்? மாப்பிள்ளையின் கேள்வியிலும் அந்தப் பாட்டிதான் உட்கார்ந்திருக்கிறார். ஆயா வேலை இழிவு என்றும் நான் எழுத மாட்டேன். என் வகுப்புக்கு உதவும் ஆயாவுக்கு எந்தக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்கும் என்பதுவரை தெரியும்.

இந்தத் துறைக்கு நம் நாட்டில் வரலாறும் இருக்கிறது. 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். 1945இல் கல்வியாளர் தாராபாய் மோதக், மகாராஷ்டிரத்து போர்டி கிராமத்தில், பள்ளிக்கு வராத ஏழைப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் முற்றத்துக்கே போனார். அங்கன்வாடி என்னும் பெயர் அங்கிருந்து வந்தது. அங்கணம் என்றால் பழந்தமிழிலும் முற்றம் என்று ஒரு பொருள் உண்டு என்று வகுப்பில் சொன்னபோது, பழைய தமிழ் டீச்சர் திரும்பி வந்துவிட்டாள் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கேரளத்தின் முதல் வட்டாரம் மலப்புறத்து வேங்கரை. 2025 அக்டோபரோடு அதற்கு ஐம்பது ஆண்டு.

கூலியைப் பற்றி மறைக்க மாட்டேன். அங்கன்வாடிப் பணியாளருக்கு இன்றும் ஊதியம் என்ற சொல் இல்லை, மதிப்பூதியம்தான். 2018 அக்டோபரில் மத்திய அரசின் கணக்கில் பணியாளருக்கு மாதம் 4500 ரூபாய், உதவியாளருக்கு 2250 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். கேரளம் தன் பணத்திலிருந்து மேலும் சேர்த்துத் தருகிறது, ஆனாலும் ஒரு குடும்பம் நடத்த அது போதாது. பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மனித மூளையின் வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை எழுதுகிறது. அந்தக் கொள்கையோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடில்லை. இந்த வரியை ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொண்டபின் அந்த 85 விழுக்காட்டைக் கையாள்பவர்க்கு மதிப்பூதியம் ஏன் என்று கேட்கிறேன். அந்த நான்கு பையன்களுக்கோ அங்கன்வாடிப் பணியே கிடையாது, அது பெண்களுக்கு மட்டும். பள்ளிகளின் மழலையர் வகுப்புக்கோ குழந்தை நலச் செவிலியத்துக்கோதான் போகலாம். அவர்களிடம் இதை முதல் நாளே சொன்னேன். ஒருவனும் விலகவில்லை.

ஆகவே பேத்திக்கு: பிளஸ் டூவை விடாமல் முடிக்கட்டும். 2022இல் வந்த வழிகாட்டுதலின்படி அங்கன்வாடிப் பணியாளருக்கே பிளஸ் டூ வேண்டும், வயது 18 முதல் 35 வரை. அதோடு நிற்காமல் மழலையர் ஆசிரியர் பயிற்சியோ, இக்னோ என்னும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு டிப்ளமோவோ சேர்த்துக்கொண்டால் தனியார் பள்ளி, மருத்துவமனை, அலுவலகக் காப்பகம் என்று கதவுகள் கூடும். 2017இல் திருத்திய மகப்பேற்றுச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்றது. நல்ல தமிழும் நல்ல மலையாளமும் தெரிந்த பெண்ணுக்கு உங்கள் தோட்டங்களிலும் எங்கள் எல்லையிலும் இருக்கும் மதிப்பை எந்தச் சான்றிதழும் தராது.

ஓணப் பரீட்சை முடிந்ததும், ஒரு சனிக்கிழமை இருக்கும்படி அவளை இங்கே அனுப்பு. கம்பம், தேனி வழியாகப் பழனி வந்து, பொள்ளாச்சியில் பாலக்காட்டுப் பேருந்து ஏறினால் கோபாலபுரம் தாண்டியதும் நம் ஊர். தனியாக அனுப்ப மனமில்லையென்றால் மாப்பிள்ளையே கூட்டி வரட்டும். அவர் கையிலும் ஒரு நோட்டைக் கொடுத்து இருபது நிமிடம் ஒரு குழந்தைக்கு எதிரில் உட்கார வைக்கிறேன். வரும்போது உங்கள் பக்கத்துத் தேயிலைத்தூள் அரைக் கிலோ. சென்ற முறை அனுப்பியது தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி