கூடைக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்

பெரம்பூர், சென்னை
அக்டோபர் 2021

எங்கள் தெருக்காரர்களுக்கும், தெருவில் வந்து போகிறவர்களுக்கும் வணக்கம்.

மாடி வீட்டு டெய்லரம்மா எழுதுகிறேன். கொரோனா வந்த இந்த ஒன்றரை வருஷமாக என் முகத்தை நேரில் பார்த்தவர்கள் குறைவு. பால்கனிக் கம்பியில் கயிறு கட்டித் தொங்கிய நீல பிளாஸ்டிக் கூடையைச் சொன்னால்தான் பலருக்கும் அடையாளம் தெரியும். துணி அதில் ஏறும், தைத்த பிளவுஸ் அதில் இறங்கும், கூலியும் அதிலேயே வரும். போன வாரம் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கூடையில் இப்போது வெங்காயம் கிடக்கிறது. அவிழ்க்க வைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் கீழ்வீட்டு அக்கா. மே மாதம் ஊரடங்கு தொடங்கிய அதே வாரம் எனக்கும் மகனுக்கும் பாசிட்டிவ் என்று வந்தது. அன்றிலிருந்து பதினான்கு நாளும் மாடிப்படியின் நாலாவது படியில் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, மூடியின் மேல் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார். சத்தம் கேட்டதும் நான் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. அவசரத்தில் ஒரு நாள் ஆறிலேயே திறந்துவிட்டேன். படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். அக்கா, அதை இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை. உங்கள் தூக்கு ஒன்று இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் தூக்காகத் திருப்பித் தர மனசு வரவில்லை.

அடுத்து, மாநகராட்சியிலிருந்து காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண். இருபத்திரண்டு வயசு இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரைக் கூடையில் போடுவாள், நான் மேலே இழுத்து விரலில் மாட்டி எண்ணைச் சொல்வேன், திரும்ப இறக்கியதும் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். ஒரு நாள் 93 காட்டியது. "குப்புறப் படுங்கக்கா, அரை மணி நேரத்துல வரேன்" என்றாள். அந்த வெயிலில், மூன்று தெரு சுற்றிவிட்டு, சொன்னபடி வந்தாள். 95. தெருவில் நின்றபடி அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியதை நான் மறக்க மாட்டேன். கண்ணு, உன் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த வார்டில் இருந்தாலும் வா, உனக்கு நான் தைத்துத் தருகிறேன்.

மே 24இல் ஊரடங்கை இறுக்கி மளிகைக் கடை வரைக்கும் மூடியபோது சுரைக்காயைக் கூடையில் போட்டு, "காசு அப்புறம் பாத்துக்கலாம்" என்ற வண்டி அண்ணனுக்கும், 14 மளிகைப் பொருள் பையை என் மகனிடம் மறக்காமல் கூப்பிட்டுக் கொடுத்த ரேஷன் கடைத் தம்பிக்கும் நன்றி. "அந்த வீட்டுப் படிப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளிடம் சத்தமாகச் சொன்னவர்களும் இதே தெருவில் உண்டு. பயம்தான், சரி, விடுவோம். நானும் பிறகு அதே பயத்தில்தான் கிடந்தேன்.

ஜூன் 21ஆம் தேதி சென்னையில் பஸ் ஓட ஆரம்பித்தது. ஹாரன் சத்தம் கேட்டு எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தளர்வு என்று டிவியில் சொன்னதும் என் கை போய் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தது. ஜூலை 5இல் கோயில் திறந்தது, ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட விட்டார்கள். தெருவே ஒவ்வொருவராக வெளியே போனது. நான் இருமல் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தினேன். கேட் வரை இறங்குவேன், நெஞ்சு படபடக்கும், ஏறிவிடுவேன். மகன் திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். தொற்று வந்தவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் தடுப்பூசி போட வேண்டும் என்றிருந்தார்கள். அந்த மூன்று மாதம் முடிந்த பிறகும் அதையே சாக்காகச் சொல்லி உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுக்க மெகா முகாம். கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, "புடவையை மாத்து" என்று மட்டும் சொன்னார். தெருமுனை தாண்டவில்லை, என் செருப்பு பிய்ந்தது. வார் அல்ல, அடிப்பாகமே. ஒன்றரை வருஷம் ஸ்டாண்டில் சும்மா கிடந்ததில் உதிர்ந்து, ரஸ்க்கு மாதிரி தூளாக ரோட்டில் கொட்டியது. திரும்பிப் போய்விடலாம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் பார்த்துவிட்டார். "இன்னாமா, உன்னுதும் உக்கிப் போச்சா? ரெண்டு மாசமா இதே கதைதான். போடாமயே வச்சா செருப்பும் செத்துப்பூடும்" என்று சிரித்து, தன்னிடம் இருந்த பழைய ஜோடி ஒன்றைத் தள்ளினார். "போயிட்டு வந்து குடு." ஒரு சைஸ் பெரிசு. அதை இழுத்துக்கொண்டு நடந்ததில் வேறு எதையும் நினைக்க நேரமில்லை. ஐயா, அதற்குத்தான் பெரிய நன்றி.

முகாம் நடந்த மாநகராட்சிப் பள்ளியில் நர்ஸம்மா முன்னால் உட்கார்ந்தேன். பிளவுஸ் கை மேலே ஏறவே இல்லை. "யாரு டெய்லர், இவ்ளோ டைட்டா தச்சது?" என்றார். நான்தான் என்றேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்களாம். அதில் எத்தனை பேருக்குக் கை என்னுடையது மாதிரி டைட்டாக இருந்ததோ, நர்ஸுகள் பாவம்.

திரும்பி வரும்போது முனையில் பூக்கடை. போன வருஷம் பூக்காரம்மாவுக்கு நான் இருபது ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். அவர் மே மாதம் போய்விட்டார் என்பது அங்கே மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இருபது ரூபாயை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அம்மா கணக்கு அம்மாவோட போச்சு என்று சொல்லி, இரண்டு முழம் மல்லிகையை அளந்து, கொசுறாக ஒரு கண்ணி சேர்த்து இலையில் சுருட்டிக் கொடுத்தாள். அம்மாவின் அதே முழம், அதே கையளவு. வெளியே போவது என்றால் இதையெல்லாமும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. நான் வீட்டுக்குள் இருந்தவரை பூக்காரம்மா எனக்கு உயிரோடுதான் இருந்தார்.

பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று மே 8இல் ஆரம்பித்து, இரண்டு நாளில் பஸ்ஸே நின்றுபோனது. அதனால் எனக்கு அது செப்டம்பர் கடைசியில்தான் ஆரம்பம். வெள்ளி, சனி, ஞாயிறு கோயில் சாத்தியிருந்த நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை புரசைவாக்கம் கங்காதரேஸ்வரரைப் பார்த்துவிட்டு லைனிங் துணியும் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். படியில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே அத்தனை பேர். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். "ஜன்னல் சீட் இருக்கும்மா, மெதுவா." நான் உட்கார்ந்த பிறகுதான் விசில். பழக்கத்தில் பத்து ரூபாயை நீட்ட, "எறங்கி டீ குடிங்க" என்று கையைத் தள்ளிவிட்டார். குடித்தேன். இஞ்சி டீ. கண்ணாடி கிளாஸில்.

ஆனால் என் தொழிலில் வெளியே போனால் மட்டும் போதாது. ஆளைத் தொட வேண்டும். அளவு பிளவுஸை வைத்தே ஒன்றரை வருஷத்தை ஓட்டிவிட்டேன். செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி திறந்ததும் எதிர்வீட்டு டீச்சரம்மா படியேறி வந்துவிட்டார். "பழைய பிளவுஸ் ஒண்ணும் ஏறல, புதுசா அளவு எடுங்க." இன்ச் டேப்பை எடுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோனேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். அவரும் அடக்கிக்கொண்டிருந்தார் போல. தோள், கை உயரம், சுற்றளவு என்று எழுதி முடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டோம். மாஸ்க்குக்குள்ளே சிரித்து அவர் கண்ணாடி பனிமூட்டமாகிவிட்டது. டீச்சரம்மா, என்னை நம்பி அசையாமல் நின்றீர்களே, அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். எத்தனை இன்ச் என்று இங்கே எழுத மாட்டேன், அது தொழில் தர்மம்.

தீபாவளி நவம்பர் 4. 25ஆம் தேதிக்குள் துணி கொடுத்தால் முடித்துத் தருகிறேன். அதற்குப் பிறகு வந்தால் பழைய பிளவுஸுக்கு சைடு பிரித்து விடுவதோடு சரி. கூடை கிடையாது, மாடி ஏறி வர வேண்டும். நாலாவது படியில் தூக்கு ஒன்று இருக்கும். அதிரசம். யாரும் தொடாதீர்கள், அது கீழ்வீட்டு அக்காவுக்கு.

அன்புடன்,
மாடி வீட்டு டெய்லரம்மா