ஸ்கோர் தாளைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்கள் முடிந்ததும் வீரர்களுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் போட்டுத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுகிறீர்கள். தமிழில் இதற்கு இடம் ஒதுக்குவதே நல்ல விஷயம். ஆனால் பட்டியலைப் பார்த்தால், ஆட்டத்தை ஓட்டிப் பார்த்துப் போட்ட மதிப்பெண்ணாகத் தெரியவில்லை. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்குக்கு 9, பந்தைப் பிடித்த ரிசீவருக்கு 8, முன்னால் நின்று இடித்துத் தடுத்த லைன்மேன் ஐவருக்கும் மொத்தமாக 7! அந்த ஐவரில் ஒருவர் நாள் முழுக்கத் தடுமாறியிருக்கலாம். பக்கத்தில் நின்றவர் ஒரு பிழையும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

பலருக்கும் நினைவிருக்கும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரி 8, அட்லாண்டா, தேசிய சாம்பியன்ஷிப். பாதி ஆட்டத்தில் ஜார்ஜியா 13, அலபாமா 0. இடைவேளைக்குப் பிறகு பயிற்சியாளர் நிக் சேபன், குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அலபாமா 26-23 என்று வென்றது. ஸ்கோர் தாளில் ஹர்ட்ஸ் 8 வீச்சில் 3 சேர்ந்தன, 21 யார்டு. டுவா 24-க்கு 14, 166 யார்டு, 3 டச்டவுன் (எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்தது), 1 இன்டர்செப்ஷன் (எதிரி பிடித்த வீச்சு). வீச்சை மதிப்பிடும் கல்லூரிச் சூத்திரம் எளிது: யார்டை 8.4-ஆல், டச்டவுனை 330-ஆல், தன் அணியினர் பிடித்த வீச்சுகளை 100-ஆல் பெருக்கிக் கூட்டி, இன்டர்செப்ஷன் ஒன்றுக்கு 200 கழித்து, மொத்த வீச்சுகளால் வகுக்க வேண்டும். ஹர்ட்ஸுக்கு 59.55, டுவாவுக்கு 149.35 வருகிறது.

இதில் என்னென்ன தெரியாமல் போகிறது என்று பாருங்கள். கூடுதல் நேரத்தில் 25 யார்டு கோட்டில் தொடங்கிய முதல் பிளேயிலேயே (ஒரு தொடக்கத்திலிருந்து விசில் வரை ஒரு பிளே) டுவா பின்னால் பின்னால் ஓடி, பந்தை வெளியே எறிந்து தொலைக்காமல் சாக் ஆனார், அதாவது வீசும் முன்பே பந்தோடு மடக்கப்பட்டார். 16 யார்டு போயிற்று. புரொஃபஷனல் லீகில் அந்த இழப்பு அணியின் வீச்சுக் கணக்கில் கழியும். கல்லூரியில் குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் போய் விழுகிறது. ஆகவே மேற்படி 149.35-இல் அந்தத் தவறின் சுவடே இல்லை. லைன்மேனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பந்தை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தால் எந்த லைனும் தாங்காது.

அடுத்த பிளே, செகண்ட் அண்ட் 26: இரண்டாவது முயற்சி, எடுக்க வேண்டியது 26 யார்டு. டுவா முதலில் பார்வையை வேறு பக்கம் திருப்பி, கடைசியில் நின்று காக்கும் சேஃப்டியை அங்கேயே நிற்கவைத்தார். இடது ஓரத்தில் டிவோன்டா ஸ்மித் ஓடிக்கொண்டிருந்தார். 41 யார்டு டச்டவுன். தாளில் இது இரண்டே பெயர். ஜார்ஜியா பக்கம் யாருக்குக் கழிப்பது? ரிசீவரை ஆரம்பத்திலேயே கையால் தட்டி வழிமறிக்காத, ஓரத்துக் காவலரான கார்னருக்கா, ஒரு கணம் தாமதித்த சேஃப்டிக்கா? கவரேஜ், அதாவது யார் யாரைக் காக்க வேண்டும் என்ற திட்டம், என்னவென்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். தெரியாதபோது இருவருக்கும் அரை அரையாகக் கழிப்பதே நியாயம்.

முறை என்று கேட்டால், தரம்பிரிக்கும் நிறுவனமான பிஎஃப்எஃப் வைத்திருக்கும் அளவுகோலே போதும். ஒவ்வொரு பிளேக்கும் ஒவ்வொருவருக்கும் -2 முதல் +2 வரை, அரை அரையாக. தன் வேலையைச் சரியாகச் செய்தவருக்குப் பூஜ்யம். பெரும்பாலான கட்டங்களில் பூஜ்யம்தான் விழ வேண்டும். எங்கு பார்த்தாலும் பிளஸ் விழுந்தால் பார்ப்பவர் பந்தையே துரத்துகிறார் என்று அர்த்தம். வீச்சு சரியாக இருந்து, லைனில் யார் மீதாவது பட்டு எகிறி எதிரியின் கையில் விழுந்தால் குவாட்டர்பேக்குக்குப் பெரிதாகக் கழிக்கக் கூடாது. நேராக எதிரி மார்பில் எறிந்த பந்து கைநழுவித் தரையில் விழுந்தாலோ, தாளில் வெறும் இன்கம்ப்ளீட் (யாரும் பிடிக்காத வீச்சு). உங்கள் ஏட்டில் -1.5 ஆக வேண்டும்.

லைனுக்குத் தனியாக ஒருமுறை ஓட்ட வேண்டும், அதுவும் மைதானத்தின் கோடியான எண்ட்ஸோனுக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சியில். பக்கவாட்டு கேமராவில் லைனின் நடுவில் நிற்கும் கார்டும் சென்டரும் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டியே தெரிவார்கள். பார்க்க வேண்டியவை: முதல் அடி எந்தப் பக்கம், இடுப்பு எதிரியைவிடத் தாழ்ந்திருந்ததா, கை மார்புக்கு உள்ளே போனதா, விசில் வரை விடாமல் தள்ளினாரா. கல்லூரிப் பயிற்சியாளர்கள் பலர் இதற்கு பிளஸ்/மைனஸ் மட்டும் போட்டுச் சதவீதம் பார்ப்பார்கள்; 65 பிளேயில் 52 பிளஸ் என்றால் 80. அதிலும் ஒரு ஓட்டை உண்டு. மீதி 13 மைனஸில் ஒன்று குவாட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைப் பறிகொடுத்ததாக இருந்தால் 80 சதவீதம் யாரைக் காப்பாற்றும்? பெருஞ்சேதத்துக்குத் தனிப் பத்தி வையுங்கள்.

அதே இறுதி ஆட்டத்தில் இன்னொன்று. ஹர்ட்ஸ் வலக்கையர், டுவா இடக்கையர். குவாட்டர்பேக் மாறிய நிமிடமே கண்ணுக்குத் தெரியாத முதுகுப்பக்கம் இடதிலிருந்து வலதுக்கு மாறிவிட்டது. அதைக் காக்கும் பொறுப்பு லைனின் வலது ஓரத்தில் நிற்கும் டேக்கிளிடம் வந்தது. மூன்றாம் கால்பகுதியில் இடது டேக்கிள் ஜோனா வில்லியம்ஸ் காயத்துடன் வெளியேற, முதலாண்டு மாணவர் அலெக்ஸ் லெதர்வுட் வந்து நின்றார். மதிப்பெண் பட்டியல் எதுவானாலும் இந்த இரு மாற்றங்களையும் தொடாமல் இருக்க முடியாது. ஸ்கோர் தாளிலோ லைன்மேனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

தடுப்பாட்டத்தில் டேக்கிள் (இங்கே, எதிரியை மடக்கி வீழ்த்துவது) எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். சேஃப்டிக்கு 12 டேக்கிள் என்றால் முன்வரிசை உடைந்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். எட்டு யார்டு விட்டுக்கொடுத்துப் பிடித்தது வெற்றியல்ல. முதல் டவுனில், அதாவது முதல் முயற்சியில், தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுவதும் எடுத்தால் தாக்கும் அணிக்கு வெற்றி. அதற்குள் மடக்கிய டேக்கிளை மட்டும் எண்ணுங்கள். டேக்கிளில் கூடச் சேர்ந்து உதவியதற்கான அசிஸ்ட் கணக்கு ஸ்டேடியத்துக்கு ஸ்டேடியம் தாராளமாகவும் கஞ்சமாகவும் இருக்கும். கார்னர் பக்கம் பந்தே வரவில்லை என்றால் அது பெரும்பாலும் அவர் திறமை. ஆனால் டிவியில் அவர் சட்டகத்துக்கு வெளியே இருப்பார். 22 பேரும் தெரியும் காட்சி கையில் இல்லாவிட்டால் ஊகித்து 6 போடுவதைவிடக் கோடு போட்டு விடுவது மேல்.

கிக்கர் தவறவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவது), பிறகு பந்தைப் பிடித்து நிறுத்தியவரின் கை, கடைசியில்தான் கால். பந்தை எதிரணிக்கு உதைத்துத் தள்ளும் பன்டருக்கு வெறும் தூரமல்ல, பந்து காற்றில் நின்ற விநாடிகளும் வேண்டும்.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் அவர் எத்தனை ஸ்னாப், அதாவது எத்தனை பிளே, ஆடினார் என்று அச்சிடுங்கள். 15-க்குக் குறைவாக ஆடியவருக்கு எண்ணே வேண்டாம். 40 புள்ளி முன்னிலை வந்த பிறகு இறக்கிவிடப்பட்ட மாற்று வீரர்களைத் தனியாகப் போடுங்கள். எதிரே நின்றதும் மாற்று ஆட்கள்தானே.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்