350 பாகையில் பூசணி அவியத்தான் செய்யும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூசணியை 350 பாகை பாரன்ஹைட்டில் ஓவனில் வைத்தெடுத்து லெட்டூஸ் மேல் கொட்டச் சொல்லி, சென்ற இதழின் சமையல் பக்கத்தில் வந்த ‘இலையுதிர்காலச் சலாட்’ குறிப்பை என் மருமகள் எழுத்துப் பிசகாமல் செய்து பார்த்தாள். ஒக்ரோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, நன்றி நவிலும் நாள், வீட்டில் பன்னிரண்டு பேர். மேசைக்கு வந்த கண்ணாடிக் கிண்ணத்தில் மேலே ஈரம் சொட்டும் பூசணித் துண்டுகள், அடியில் சூடுபட்டுச் சோர்ந்துபோன லெட்டூஸ். பிள்ளைகள் வான்கோழியைத் தின்றுவிட்டு எழும்பிவிட்டார்கள். மருமகள் தன் கைப்பக்குவத்தை நொந்துகொண்டாள். பிழை அவளுடைய கையில் இல்லை, உங்கள் குறிப்பில்தான் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து, எங்களில் பலரைப் போல நானும் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவத் தொடங்கினேன். இரண்டாம் வருடம் சலாட் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே பத்தொன்பது வருடம் நின்றேன். எனக்கு அந்த வேலையைப் பழக்கியவர் ஒரு போர்த்துக்கேயர். நான் முதன்முதலாக ஓவனில் வைத்தெடுத்த பூசணித் தட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சூப் பானைக்குள் கவிழ்த்துவிட்டார். சூப்புக்குத்தான் அது சரி.

அன்று நான் செய்த பிழையும் உங்கள் குறிப்பின் பிழையும் ஒன்றே. பட்டர்நட் பூசணியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிப் போனால்தான் துண்டின் ஓரம் சிவந்து, உள்ளேயுள்ள இனிப்பு வெளியே தெரியும். 350 பாகை பாரன்ஹைட்டில், துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினால், ஒன்றின் ஆவியில் மற்றது அவியும். ஓவனில் வைத்தும் அது இடியப்பச் சட்டியில் வைத்த கணக்குத்தான். 425 பாகை வேண்டும். ஓவன் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தட்டு உள்ளே போக வேண்டும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி வேண்டும். ஒரு கிலோ பூசணிக்கு இரண்டு தட்டு. உப்பும் மூன்று மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயும் போதும். இருபதாவது நிமிடம் ஒரு தடவை புரட்டிவிட்டு, பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். தோலைச் சீவும்போது கை வழுக்கும், கவனம்.

பீற்றூட்டை அதே தட்டில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். போட்டால் எல்லாம் ஒரே சிவப்பு. அதைத் தோலோடு அலுமினியத் தாளில் சுற்றித் தனியாக ஒரு மணி நேரம் வைத்தால் போதும், தோல் பெருவிரலால் தள்ளக் கழன்று வரும். கரட்டையும் பிரஸல்ஸ் முளைக்கோவாவையும் பூசணியோடு சேர்க்கலாம். முளைக்கோவாவை இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகம் தட்டில் படும்படி கவிழ்த்து வையுங்கள்.

இனி இலை. எனக்குக் கோபம் வந்தது இதில்தான். லெட்டூஸ் மெல்லிய இலை. அதன் தலையில் சூடான காய்கறியைக் கொட்டுவது பாவம். ஒன்ராறியோவில் ஒக்ரோபரில் தோட்டத்தில் நிமிர்ந்து நிற்கிற இலை கேல் என்கிற கோவா இனத்துக் கீரை. முதல் உறைபனி விழுந்த பிறகு அது இன்னும் இனிக்கும். குளிர் கண்ட செடி, தன் உயிரணுக்கள் உறைந்துவிடாமல் இருக்க மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. என் வீட்டுப் பின்வளவில் நாலு செடி நிற்கிறது. நவம்பரில் மேலே கிடக்கும் பனியைத் தட்டிவிட்டு நான் இலை முறித்திருக்கிறேன். சுருள் கேலைவிட, கருமையான நீட்டு இலைக் கேல் சலாட்டுக்கு நல்லது. நடுத்தண்டை உருவி எறிந்துவிட வேண்டும்.

கேலைப் பச்சையாகத் தின்றால் தொண்டையில் அறுக்கும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். அதைப் பிசைய வேண்டும். மெல்லியதாக அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் கொஞ்சம் எலுமிச்சம்புளியும் விட்டு, இரண்டு நிமிடம் இரு கையாலும் கசக்குங்கள். கிண்ணம் நிறைய இருந்தது பாதியாக இறங்கிவிடும், நிறம் கருஞ்சாயலுக்கு மாறும், கடினம் போய்விடும். அந்தப் போர்த்துக்கேயர் எனக்கு இதைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாகற்காயை அரிந்து உப்பிட்டுப் பிசைந்து பிழிகிற அம்மாவின் கை ஞாபகம்தான். இப்படிப் பிசைந்த இலை, சூடான பூசணி மேலே விழுந்தாலும் சோராது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியிலும் அப்படியே இருக்கும். லெட்டூஸுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

குறிப்பின் முன்னுரையில் ‘வெள்ளைக்காரர் தின்னும் தழையை நாமும் ஒரு நாள் தின்று பார்ப்போம், எடை குறையும்’ என்று வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். வேடிக்கை இருக்கட்டும். பச்சை இலையை அரிந்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து வல்லாரைச் சம்பல் செய்கிற வீட்டுக்காரருக்கு, பச்சை இலை தின்ன யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூசணியும் வெள்ளைக்காரருடையது அல்ல. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு ‘மூன்று சகோதரிகள்’ என்று பெயர் வைத்தவர்கள், இன்று நாம் குடியிருக்கிற இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஹோடனசோனி மக்கள். தமிழ்நாட்டில் அதைப் பரங்கிக்காய் என்பார்கள். கப்பலில் வந்த காய் என்று பெயரிலேயே ஒட்டியிருக்கிறது.

எடை குறைக்கும் பேச்சையும் விட்டுவிடுங்கள். குளிர் தொடங்கும் நேரத்துச் சலாட் வயிறு நிறைகிற சாப்பாடு. நான் அதில் ஒரு கோப்பை அவித்த கொண்டைக்கடலையைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, பூசணியோடு அதே சூட்டில் வறுத்துப் போடுவேன். பூசணி விதையை எறியாமல் கழுவிக் காயவைத்து, 325 பாகையில் பதினைந்து நிமிடம் வறுத்தால் கொறிக்கத் தனியாகவே தீர்ந்துவிடும். பேரன் இருக்கிற வீட்டில் அது சலாட் வரை வந்து சேருவதில்லை. ஓர் அப்பிள், கைப்பிடி ஆட்டுப்பால் சீஸ். எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருந்தீர்கள். பூசணியின் மஞ்சளுக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெய் இல்லாமல் தின்றால் உடம்பில் சரியாகச் சேராது.

மேலே ஊற்றும் சாற்றைக் கடையில் போத்தலாக வாங்கச் சொன்னது சோம்பல். இரண்டு மேசைக்கரண்டி அப்பிள் வினாகிரி, ஒரு தேக்கரண்டி டிஷோன் கடுகு, ஒரு தேக்கரண்டி மேப்பிள் பாகு, ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, மிளகு. மூடியுள்ள சிறு போத்தலில் ஊற்றிக் குலுக்கினால் வேலை முடிந்தது. டிஷோன் என்று பிரெஞ்சு ஊரின் பெயர் இருந்தாலும் அதற்கான கடுகில் பெரும்பங்கு இங்கிருந்து, மேற்குக் கனடாவின் சமவெளியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 2021இல் அங்கே வறட்சி வந்து விளைச்சல் படுத்தபோது, அடுத்த வருடம் பிரான்சின் கடைத் தட்டுகளில் கடுகுப் போத்தல் காணாமற்போனது.

சாற்றில் பாதியை இலைக்கு முதலிலேயே விட்டுப் பிரட்டிவிட வேண்டும். காய்கறியை ஓவனிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, இளஞ்சூடாகச் சேர்க்க வேண்டும். மீதிச் சாறு மேலே. என் மனைவி இதில் இரண்டு பச்சைமிளகாயை அரிந்து போடுவாள். அந்தப் போர்த்துக்கேயர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, நான் ஒன்றும் சொல்வதில்லை.

சமையல் பக்கத்தை எழுதுகிறவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவருடைய மீன் சொதிக் குறிப்பு எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆனால் இந்தக் குறிப்பை அவர் தன் ஓவனில் ஒரு தடவையாவது செய்து பார்த்தாரா என்று தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது 350 என்பதை 425 என்று திருத்திப் போடுங்கள். ஸ்காபரோவில் இன்னும் எத்தனை மருமகள்மார் தங்கள் கையை நொந்துகொண்டிருக்கிறார்களோ.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகன்,
ஸ்காபரோ