செயலாளர் ஆண்டறிக்கை: கணுக்காலிப் பதிவேடு

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கை, இந்த ஆண்டு சங்கம் கையிலெடுத்த கணுக்காலிப் பதிவேட்டைப் பற்றியது. கணுக்காலி என்பது பூச்சி, சிலந்தி, பூரான், நண்டு போன்ற, மூட்டுள்ள கால்கள் கொண்ட உயிரினம்.

சரிபார்த்தபோது கண்ட பிழைகளில் பெரும்பாலானவை கால்களை மட்டும் எண்ணியதால் வந்தவை. சிலந்தியை ‘எட்டுக்கால் பூச்சி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பூச்சிக்கு ஆறு கால்தான். அதற்காக ஆறு கால் உள்ளதெல்லாம் பூச்சியும் ஆகாது. முட்டையிலிருந்து வந்த உண்ணிக் குஞ்சுக்கு ஆறே கால். தோலுரித்த பிறகே எட்டாகும். கம்பளிப்பூச்சியின் வயிற்றுப் பக்கத்துச் சதைக் கால்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆகவே இனி முதலில் உணர்கொம்பு, பிறகு கால். உணர்கொம்பே இல்லையென்றால் சிலந்தி, தேள், உண்ணி வகை. ஓர் இணை இருந்தால் பூச்சி, அல்லது பூரான், மரவட்டை. இரண்டு இணை இருந்தால் நண்டு, இறால் வகை. பூரானுக்கு உடலின் ஒவ்வொரு கண்டத்துக்கும் (வளையம் போன்ற பகுதிக்கும்) ஓர் இணைக் கால். மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டிணை.

தொட்டி மண்ணில் தொட்டதும் உருண்டுகொள்வதெல்லாம் மரவட்டை அல்ல. 7 இணைக் கால்தான் இருக்கிறதென்றால் அது நண்டின் உறவு. அதன் ஓர் இணைக் கொம்பு மிகச் சிறுத்திருப்பதால், இங்கே மட்டும் கால்களின் எண்ணிக்கையை நம்புங்கள்.

முசுறு எறும்பின் கூட்டருகே திரியும் எறும்புச் சிலந்திதான் நம்மை அதிகம் ஏமாற்றுவது. நிறம், ஒடுங்கிய இடுப்பு, நடை எல்லாமே முசுறு. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கொம்பு போல ஆட்டும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் அந்தக் ‘கொம்பு’ கால் வரிசையிலிருந்து கிளம்புவதும், முகத்தில் இரண்டு பெரிய கண்கள் முன்னோக்கி இருப்பதும் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

மாதிரிகளில், ஊசி குத்தி உலர்த்திய சிலந்திகள் வயிறு சுருங்கி வீணாயின. அவற்றை 70 சதவீத ஆல்கஹாலில்தான் போட வேண்டும். ஃபார்மலின் வேண்டாம், மூட்டு விறைத்து, கால் ஒடியும். வண்டுகளை வலது மேலிறகு வழியே குத்துங்கள். இடமும் தேதியும் குறிக்கும் சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே இடுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்துவிடும். இடமும் தேதியும் அழிந்த மாதிரியைப் பதிவேட்டில் ஏற்ற இயலாது.

சீட்டில்லாத குப்பிகள் மேசையில் உள்ளன. சேகரித்தவர்கள் இன்றே எடுத்துச் சென்று, அடுத்த கூட்டத்துக்குள் விவரம் எழுதித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்